கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கடற்பார்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

நம் கல்லூரி விலங்கியல் துறையின் அருங்காட்சியகத்திற்குள் நுழைவோரை முதலில் வரவேற்பது ஃபார்மலின் நெடி. பாம்புகளும் சுறாக்குட்டியும் நட்சத்திர மீன்களும் சீசாக்களுக்குள் பல்லாண்டுகளாக உறங்கிக் கொண்டிருக்கும் அவ்வறையின் ஒரு மூலையில் மட்டும் நீர் சலசலக்கும் ஓசை கேட்கும். நாலடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்று அங்கே இருக்கிறது. அதனுள் இரண்டு பாறைக் குன்றுகள்; அவற்றுக்கிடையே வெண்மணல் ஓடை; குன்றின் மடியில் ஒரு கடல் தாமரை; அதன் விரல்களுக்கிடையே புகுந்து புகுந்து வரும் கோமாளி மீன்கள். பொருளாதாரத் துறை நண்பர்கள்கூட மதிய இடைவேளையில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

வருகின்றவர்கள் அனைவரும் கேட்கும் கேள்வி ஒன்றே. “இந்தப் பவளப் பாறையை எந்தத் தீவிலிருந்து எடுத்து வந்தீர்கள்?” எந்தத் தீவிலிருந்தும் எடுக்கவில்லை, நம் தாவரவியல் தோட்டத்துக் குழாயடியில் செய்தோம் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். சிலர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டு, “பொய்” என்று சொல்லிச் செல்கிறார்கள். அந்தப் பொய்யின் மெய்யான வரலாற்றை எழுதுமாறு மலர்க் குழுவினர் கேட்டனர். ஆகவே இக்கட்டுரை.

முதலில் தலைப்பில் உள்ள சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கடலுக்கு அடியில் கல்லும் பாறையும் நிறைந்து மீன் கூடும் இடத்தை எங்கள் கடற்கரையில் ‘பார்’ என்போம். முத்துக் குளித்த இடங்களும் பார்கள்தாம். சல்லி என்பது மற்றொரு சொல். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தீவுகளில் காரைச்சல்லி, விலாங்குச்சல்லி என்னும் பெயர்களைப் பூகோளப் படத்தில் காணலாம். விலாங்குச்சல்லியைப் படத்தில் மட்டுமே காணலாம் என்பதுதான் உண்மை. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை எண்ணப்பட்ட 21 தீவுகளில் விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் நீரில் மூழ்கிவிட்டன. சுற்றியிருந்த பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் வெட்டி எடுத்தது அதற்கு முதன்மையான காரணமென ஆய்வாளர்கள் கூறுகின்றனர். அலையைத் தடுக்கும் மதில் போனபின் மணல்மேடு எப்படி நிற்கும்?

அந்த மதிலை வெட்டியவர்களில் என் தாத்தாவும் ஒருவர். இளமையில் வள்ளத்தில் சென்று, இடுப்பளவு நீரில் நின்று, கடப்பாரையால் பாறையைப் பெயர்த்து, சுண்ணாம்புக் காளவாசலுக்கு ஏற்றி அனுப்பியவர். அந்நாளில் அது ஊரறிந்த தொழில். 1986-ஆம் ஆண்டில் அத்தீவுகள் கடல் தேசியப் பூங்காவாயின. 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. இன்று பவளப் பாறைத் துண்டு ஒன்றை, அது செத்த கல்லேயாயினும், கரைக்குக் கொண்டு வருவது புலியைக் கொல்வதற்கு ஒப்பான குற்றம். சட்டம் இரண்டையும் ஒரே அட்டவணையில்தான் வைத்திருக்கிறது.

எனவே எங்கள் துறைத் தலைவர் ஐயா அவர்கள், “ஒரு கடற்பாறைத் தொட்டி அமைக்கலாமா?” என்று கேட்டபோது எங்களுக்கு முன்னிருந்த சிக்கல் தெளிவானது. பாறை வேண்டும், பாறையைத் தொடக் கூடாது.

பாறை எதற்கு? வெறும் அழகுக்காகவா? இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். நன்னீர்த் தொட்டியில் கல் என்பது பெரும்பாலும் அலங்காரம். கடல்நீர்த் தொட்டியிலோ கல்லே குடல், கல்லே சிறுநீரகம். மீன் வெளிவிடும் கழிவில் அமோனியா இருக்கிறது. கடல்நீர் காரத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 8.2-ஐ ஒட்டியிருக்கும். அந்நிலையில் அமோனியாவின் நச்சு நன்னீரில் இருப்பதைவிட மிகுதி. அதனை நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரோஸ்பைரா போன்றவை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இவை உயிர்வளி நிறைந்த கல்லின் மேற்பரப்பில் குடியிருப்பவை. கல்லின் உள்ளே, உயிர்வளி எட்டாத நுண்துளைகளில் வாழும் வேறுவகைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைப் பிரித்து நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றிவிடும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு இருக்கும் அதே நைட்ரஜன்தான். ஆக, மேலே ஒரு தொழிற்சாலை, உள்ளே ஒரு தொழிற்சாலை. துளையில்லாத கருங்கல்லை வைத்தால் மேல்மாடி மட்டுமே இயங்கும்.

இந்த உண்மையை முதலில் பயன்படுத்திக் காட்டியவர்களில் ஒருவர் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர். கடலிலிருந்து உயிர்களோடு எடுத்த பாறை, இயற்கைக் கடல்நீர், சிறிது காற்றுக் குமிழி – இவற்றைக் கொண்டே பவள உயிர்களை வளர்க்கலாம் என்று 1961-ஆம் ஆண்டில் அமெரிக்க இதழொன்றில் எழுதினார். அப்போது பலர் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. பின்னர் பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் அதே உயிர்ப்பாறையுடன் வலுவான விளக்கொளியையும், நீரிலுள்ள அழுக்கை நுரையாக்கி வெளியேற்றும் கருவியையும் சேர்த்தனர். பீட்டர் வில்கென்ஸ், டீட்ரிக் ஸ்டூபர் ஆகியோர் பெயர்கள் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. ‘பெர்லின் முறை’ என்றே அது உலகெங்கும் வழங்கலாயிற்று. அதன் விளைவாகப் பிஜி, இந்தோனேசியா போன்ற நாடுகளின் கடல்களிலிருந்து உயிர்ப்பாறை பெட்டி பெட்டியாக விமானம் ஏறியது. பிறகு மனச்சாட்சியும் சட்டமும் விலையும் சேர்ந்து உறுத்தவே, சிமெண்டாலும் சுட்ட மண்ணாலும் பாறை செய்யும் வழக்கம் பரவியது. நாங்கள் பிடித்துக்கொண்டது இந்தக் கடைசி நூலைத்தான்.

நம் நாட்டுக்கும் இக்கலை புதிதன்று. சென்னை மெரினாவில் 1909-ஆம் ஆண்டிலேயே எட்கர் தர்ஸ்டன் முயற்சியால் கடல்மீன் காட்சிச்சாலை ஒன்று திறக்கப்பட்டது. என் பாட்டனாருக்குப் பாட்டனார் காலத்துச் சென்னைவாசிகள் கண்ணாடி வழியே கடலைப் பார்த்திருக்கிறார்கள்!

இனிச் செய்முறைக்கு வருவோம்.

போர்ட்லண்ட் சிமெண்ட் ஒரு பங்கு, இடித்த சிப்பி மூன்று பங்கு, கல்லுப்பு இரண்டு பங்கு. படியால் அளந்தோம். சிப்பியைச் சுண்ணாம்புக் காளவாசலில் மூட்டையாக வாங்கினோம். பவளப் பாறை எரிந்த அதே வகைக் காளவாசலில் இன்று சிப்பி எரிகிறது. கல்லுப்பு எதற்கு என்று கேட்கலாம். அதுதான் இம்முறையின் சூட்சுமம். சிமெண்ட் இறுகும்போது உப்புக் கற்கள் உள்ளே சிறைப்பட்டிருக்கும். பின்பு நீரில் ஊறப் போட்டால் உப்பு கரைந்து வெளியேறி, அது இருந்த இடமெல்லாம் துளையாகும். உப்பளங்கள் சூழ்ந்த மாவட்டத்தில் பிறந்தவனுக்கு இதைவிட மலிவான துளையிடும் கருவி எங்கே கிடைக்கும்?

ஆனால் தண்ணீர் கூடினால் எல்லாம் கெட்டது. எங்கள் முதல் கலவை இட்லி மாவுபோல் இருந்தது. உப்பு அப்போதே கரைந்து, துளையே இல்லாத அம்மிக்கல் ஒன்று கிடைத்தது. அது இன்றும் அருங்காட்சியகக் கதவு காற்றில் சாத்தாமலிருக்க முட்டுக் கொடுத்து நிற்கிறது. புட்டுக்கு மாவு விரவுவது எப்படியோ அப்படி விரவ வேண்டும். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் துறை ஆய்வக உதவியாளர் அம்மா. சிமெண்டைத் தொட்டறியாதவர், ஆனால் பதம் அறிந்தவர்.

ஈர மணலில் குழி தோண்டி, கைமுட்டியால் குத்திக் குடைந்து, அதனுள் கலவையை அள்ளி வைத்தோம். குழியின் ஒழுங்கின்மை எவ்வளவோ அவ்வளவு அழகு. ஒரு நாள் கழித்து எடுத்து, ஈரச் சாக்கு போர்த்தி ஒரு வாரம் வைத்தோம். அதன்பின் தொடங்கியது நீண்ட தவம். புதுச் சிமெண்டிலிருந்து கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது சுண்ணாம்பு, கசிந்துகொண்டே இருக்கும். ஊறும் நீரின் பி.எச். 12 வரை ஏறும். அப்படியே தொட்டியில் இட்டால் மீனை உயிரோடு சுண்ணாம்பு நீரில் போட்டது போலாகும். ஆகவே பழைய சிமெண்ட் தொட்டியில் ஊறவைத்து, மூன்று நாளைக்கொருமுறை நீர் மாற்றினோம். வேதியியல் துறையில் பினாப்தலின் கேட்டு வாங்கி, ஊறிய நீரில் இரண்டு சொட்டு விடுவோம். முதல் வாரத்தில் நீர் செம்பருத்திச் சாறுபோல் சிவந்தது. வாரம் ஒன்றாக நிறம் வெளுத்து, ஒன்பதாம் வாரத்தில்தான் நிறம் எழாமல் நின்றது. பொறுமை இல்லாதவர்கள் இத்தொழிலுக்கு வர வேண்டாம்.

தொட்டியின் அளவு 120, 45, 60 சென்டிமீட்டர். மேலே சிறிது இடம் விட்டால் ஏறத்தாழ 290 லிட்டர் நீர் கொள்ளும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு வகைகள் உண்டு. ஆக எங்கள் தொட்டியில் பத்துக் கிலோ உப்பு கரைந்திருக்கிறது! கடைக் கல்லுப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாதா என்று ஒரு முதலாமாண்டுத் தம்பி கேட்டார். ஆகாது. உப்பளத்தில் சோடியம் குளோரைடு படிந்தபின் மக்னீசியம் முதலானவை கசப்பு நீரில் தங்கிவிடும். அந்நீரை வடித்துவிட்டுத்தான் உப்பை வாருகிறார்கள். சமையலுக்கு வேண்டாத அந்த மிச்சமே பவளத்துக்கும் சிப்பிக்கும் உயிர். நாங்கள் கடல்நீரையே கேன்களில் கொண்டு வந்து, துணியில் வடிகட்டிப் பயன்படுத்தினோம்.

கட்டுவதில்தான் நான் சறுக்கினேன்.

படங்களில் பார்த்தது மனத்தில் பதிந்திருக்க வேண்டும். பின்கண்ணாடியோடு ஒட்டி, அறுபது கிலோ கல்லைக் கொலுப்படிபோல் அடுக்கினேன். பழைய நூல்களில் லிட்டருக்கு 120 முதல் 240 கிராம் வரை கல் இருக்கலாம் என்ற கணக்கு உண்டு. நான் அதன் மேல் வரம்பை நெருங்கினேன். பார்வைக்கு அணைக்கட்டுபோல் கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் மதிலுக்குப் பின்னால் நீரோட்டம் இல்லை. மீனின் எச்சமும் உண்ணாத இரையும் அங்கே போய்ச் சேர்ந்து கறுத்தன. கண்ணாடியைத் துடைக்கக் கை நுழையாது. மீன்களுக்கோ நீந்த இடமில்லை. முன்பக்கத்துச் சந்தில் வரிசையில் நின்றன. இவை சிறு குற்றங்கள். பெருங்குற்றம் ஒன்றுண்டு. பார்ப்பதற்கு இயற்கையாக இருக்கட்டும் என்று முதலில் மணலைப் பரப்பிவிட்டு, அதன்மேல் கல்லை அடுக்கினேன். அவ்வாறு செய்யாதே என்ற எச்சரிக்கை நான் படித்த நூலிலேயே இருந்தது. நான் அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டியிருக்கிறேன்.

தொட்டியில் ஆறு கோமாளி மீன்கள் இருந்தன. கடலில் பிடித்தவையல்ல, குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்தவை. அத்தொழில்நுட்பம் மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் உள்ள ஆய்வு நிலையங்களில் உருவாகியது என்பது நமக்குப் பெருமை. இவற்றோடு ஒரு கோபி மீனும் ஒரு பிஸ்டல் இறாலும் இருந்தன. இவை இரண்டும் கூட்டுக் குடித்தனம் நடத்துபவை. இறாலுக்குக் கண் மங்கல். ஓயாமல் வளை தோண்டும். கோபிக்குக் கண் கூர்மை. வாசலில் காவல் நிற்கும். இறால் தன் உணர்கொம்பு ஒன்றைக் கோபியின் உடலில் தொட்டபடியே வெளியே வரும். ஆபத்தென்றால் கோபி வாலை உதறும். இருவரும் உள்ளே பாய்வர். இவ்வதிசயத்தை வகுப்பே கூடிப் பார்த்து மகிழ்ந்தது. அந்த இறால் மூன்று மாதமாக என் மதிலுக்கு அடியில் மணலை அள்ளிக் கொண்டிருந்தது என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

மாட்டுப் பொங்கலன்று அதிகாலை. நான் ஊரில் இருந்தேன். தொலைபேசியில் இரவுக் காவலர் அண்ணன்: “தம்பி, உங்க கடல் வராந்தாவுக்கு வந்திடுச்சு. சீக்கிரம் வாங்க.”

மேல்வரிசைக் கல் ஒன்று சரிந்து முன்கண்ணாடியின் கீழ்மூலையில் மோதியிருக்கிறது. விரிசல் ஒரு சாண். இரவெல்லாம் கசிந்து, அடியில் நான்கு விரல் நீர் மட்டும் எஞ்சியிருந்தது. காவலர் அண்ணன் தெரிந்தவரை ஒரு வாளியில் அந்த நீரையும் இரண்டு மீன்களையும் எடுத்து வைத்திருந்தார். மற்ற நான்கும் ஈரக் கல்லின்மேல் கிடந்தன. ஆரஞ்சு நிறம் அதற்குள் வெளுக்கத் தொடங்கியிருந்தது. வளை தோண்டிய இறாலும் காவல்காரக் கோபியும் குழிக்குள் நீர் தங்கியதால் நலமாக இருந்தன.

பேருந்து பிடித்து நான் வந்து சேர்வதற்குள் ஐயா வந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வராந்தாவில் உப்பு நீரைத் தள்ளிக் கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “அளவெல்லாம் எழுதி வைத்திருக்கிறாயா? சரிந்தது எந்த வரிசை?” என்று மட்டும் கேட்டார். அளவு எதுவும் என்னிடம் இல்லை. அந்த மௌனம் திட்டைவிடக் கடுமையாக இருந்தது. புதுக் கண்ணாடிக்கான பணத்தை அவரே கொடுத்தார், கணக்கில் எழுதவிடவில்லை.

ஊருக்குத் திரும்பி இரண்டு நாள் பேசாமலிருந்தேன். மூன்றாம் நாள் தாத்தா கேட்டார், சொன்னேன். தொலைபேசியில் இருந்த படத்தைக் கண்ணுக்கு அருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். “ஏலே, இது பாரா? இது காம்பவுண்டுச் சுவரு” என்றார். பிறகு முற்றத்து மணலில் விரலால் வரைந்து காட்டினார். பார் ஒருநாளும் சுவர்போல் நேராக நிற்காது. மேலே விரிந்து, இடையில் கழுத்துப்போல் ஒடுங்கி, கீழே காலூன்றி நிற்கும். ஊடே குகைபோல் குடைந்திருக்கும். ஒரு பக்கத்துத் தண்ணீர் மறுபக்கம் போகும். “தண்ணி போகாத இடத்துல எந்த மீனும் அண்டாது.” நான் கேட்டேன், “எப்படித் தாத்தா இவ்வளவு விவரமாகத் தெரியும்?” அவர் சிரிக்கவில்லை. “கழுத்து எங்கே இருக்குன்னு பார்த்துத்தானே கடப்பாரையைப் போடணும். கழுத்துல நாலு குத்து குத்தினா தலை தானா விழும். நீ எங்கே குத்தினா விழுமோ அங்கே கெட்டியாப் பூசு.”

ஒரு பொறியாளரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது என்பது என் கருத்து. இடிக்கத் தெரிந்தவருக்கே நிற்பதன் இரகசியம் தெரிந்திருந்தது.

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. ஆய்வகத் தரையில் தொட்டியின் அளவுக்குச் சாக்கட்டியால் கட்டம் வரைந்து, நீரில்லாமலே பன்னிரண்டு நாள் அடுக்கிக் கலைத்தோம். முன்னே நான்கு விரற்கடை, பின்னே ஆறு விரற்கடை இடம் விட்டோம். துடைப்பானும் நீரோட்டமும் புக அது வேண்டும். உச்சியை நட்டநடுவில் வைக்கவில்லை. 120 சென்டிமீட்டர் நீளத்தில் 40-ஆவது சென்டிமீட்டருக்கு நேரே பெரிய குன்றின் உச்சி. வலக்கோடியில் சிறிய குன்று. இடையில் வெறும் மணல். நடுவில் உச்சி வைத்தால் கண் அங்கேயே நின்றுவிடும். ஒருபுறம் தள்ளி வைத்தால் கண் குன்றிலிருந்து இறங்கி, மணல் வழியே நடந்து, சிறிய குன்றில் ஏறி இளைப்பாறும். சும்மா விட்ட இடத்துக்கும் வேலை உண்டு என்பதை ஓவியம் பயிலும் நண்பர்கள் அறிவார்கள். கல்லின் எடையும் 60 கிலோவிலிருந்து 34 கிலோவாகக் குறைந்தது. துளை நிறைந்த கல்லாயின் குறைந்த எடையே போதும். நீர் ஊடுருவாத மதிலைவிட நீர் ஊடுருவும் குன்று அதிகம் உழைக்கிறது.

காலூன்றுவதற்கு அடுப்புக் கூட்டும் முறையைக் கையாண்டோம். மூன்று கல் வைத்தால் எந்தத் தரையிலும் ஆடாது. நான்கு வைத்தால் ஒன்று ஏமாற்றும். இம்மூன்று கால்களையும் உப்புக் கலக்காத கெட்டிக் கலவையில் தனியே வார்த்தோம். துளை வேண்டிய இடம் வேறு, வலிமை வேண்டிய இடம் வேறு. கால்களை வெறுங்கண்ணாடிமேல் நேரே வைக்காமல் மெல்லிய பிளாஸ்டிக் தட்டி ஒன்றை அடியில் விரித்து, அதன்மேல் நிறுத்தினோம். மணலை எல்லாம் முடிந்தபின் கடைசியில்தான் கொட்டினோம். இனி இறால் பாதாளம்வரை தோண்டினாலும் கால் அசையாது.

கழுத்து வந்தது. தாத்தா சொன்ன இடங்களில் மேற்கல்லிலும் கீழ்க்கல்லிலும் துளையிட்டு, மின்பணியாளர்கள் பயன்படுத்தும் பிளாஸ்டிக் குழாயின் துண்டுகளை முளையாகச் செருகி, சுற்றிலும் கெட்டிக் கலவை பூசினோம். இரும்புக் கம்பியைத் தப்பித் தவறியும் பயன்படுத்தக் கூடாது. உப்பு நீரில் துருப்பிடித்து, பருத்து, கல்லையே பிளந்துவிடும். செம்புக் கம்பி அதைவிடக் கொடியது; இறாலுக்கும் கடல் தாமரைக்கும் செம்பு நஞ்சு. பூச்சுக்காக மறுபடியும் ஊறல், மறுபடியும் பினாப்தலின். பெரிய குன்று முழுவதும் ஒரே உடலாயிற்று. இரண்டு பேர் தூக்கித் தொட்டிக்குள் இறக்கினோம். நீர் நிரம்பியபின் ஆர்க்கிமிடீசும் ஒரு கை கொடுத்தார். எங்கள் கல்லின் அடர்த்தி நீரைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. ஆகவே நீருக்குள் அதன் எடை பாதியாகக் குறைந்துவிடும். கண்ணாடியின் அடித்தளத்துக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் பாதி எடை என்றால் சரிவதும் எளிது என்பதை மறந்துவிடக் கூடாது.

உண்மையான பவளங்களை வளர்க்கும் வெளிநாட்டுத் தொட்டிகளில் இக்குன்றுக்கு இன்னொரு பணியும் உண்டு. கிளைவிடும் கடினப் பவளங்களுக்கு ஒளி மிகுதியாக வேண்டும். அவற்றின் திசுவுக்குள் வாழும் நுண்பாசி ஒளிச்சேர்க்கை செய்தே பவளத்துக்கு உணவூட்டுகிறது. அவற்றுக்கு உச்சியில் இடம். மென்பவளங்களுக்கு நடு அடுக்கு. நிழல் விரும்பிகளுக்குக் குகைவாசல். பவளம் வளரும் என்பதை எண்ணி, கட்டும்போதே குன்றைச் சிறியதாகக் கட்ட வேண்டும்; நீர்மட்டத்துக்கும் உச்சிக்கும் இடையே ஒரு சாணாவது விட வேண்டும். நாங்கள் பவளம் வளர்க்கவில்லை; வளர்க்கவும் கூடாது. ஆனால் அந்த ஒரு சாணை விட்டு வைத்திருக்கிறோம். காரணம் கேட்டால் என்னால் சரியாகச் சொல்ல முடியாது.

நீர் நிரப்பிய அன்றே மீன் விடவில்லை. ஒரு பச்சை இறாலைத் துணியில் முடிந்து தொங்கவிட்டோம். அது அழுகி அமோனியா தர, பாக்டீரியாக்கள் பெருகத் தொடங்கின. வாளியில் பிழைத்த இரு மீன்களோடு இருந்த பழைய வடிகட்டிப் பஞ்சையும் விதையாகப் போட்டோம். அமோனியா ஏறி இறங்கியது. பின் நைட்ரைட் ஏறி இறங்கியது. ஆறு வாரத்தில் இரண்டும் தென்படவில்லை. அன்று மாலை இரு மீன்களையும் விட்டோம். பெரிய குன்றின் குகைக்குள் அவை போன வேகத்தைப் பார்த்து எங்கள் வகுப்பு கைதட்டியது.

முதல் மூன்று மாதம் கல் அசிங்கமாக இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதலில் பழுப்புப் பாசி படிந்தது. பிறகு பச்சை முடிபோல் ஒன்று முளைத்தது. சுரண்டிச் சுரண்டிக் கை ஓய்ந்தது. நான்காம் மாதம் கழுத்தின் நிழல் பக்கத்தில் நகக்கண் அளவு இளஞ்சிவப்புப் புள்ளி ஒன்று கண்டேன். பெயிண்ட் தெறித்ததோ என்று தேய்த்தேன், போகவில்லை. சுண்ணாம்புப் பாசி! உண்மைக் கடற்பாறைகளில் உடைந்த துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பிணைக்கும் அதே இனம், கடல்நீரோடு எங்கள் கண்ணில் படாமல் வந்திருக்கிறது. இன்று பெரிய குன்றில் பாதி அந்நிறமே. நாங்கள் பூசிய சிமெண்ட் எது, அது பூசிய சுண்ணாம்பு எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

சென்ற புரட்டாசியில் தாத்தாவைக் கல்லூரிக்கு அழைத்து வந்தேன். அருங்காட்சியகத்தில் நாற்காலி போட்டும் உட்காரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொட்டியை ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்தார். கழுத்து இருக்கும் இடத்துக்கு நேரே கண்ணாடியில் விரலை வைத்து, “இங்கேதானே?” என்றார். “ஆமாம் தாத்தா.” வேறொன்றும் பேசவில்லை. பேருந்து நிறுத்தத்துக்குப் போகும்போது, தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவைச் சுற்றி அரிப்பைத் தடுக்கக் கான்கிரீட் கட்டைகளைக் கடலில் இறக்கியிருக்கிறார்களாமே, நான் பார்த்திருக்கிறேனா என்று கேட்டார். 2015-க்குப் பின் நடந்த வேலை அது. சரிவக வடிவில், நீர் ஊடே புகத் துளைவிட்டுச் செய்தவை என்று நான் படித்ததைச் சொன்னேன். “துளை விட்டிருக்காங்களா?” என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

ஏப்ரலில் எங்கள் வகுப்பு கல்லூரியை விட்டுப் போகிறது. இரண்டாம் ஆண்டுத் தம்பி, தங்கைகளுக்காகச் சிலவற்றை எழுதி, தொட்டியின் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கல்லின் அளவுகள், எடைகள், எந்தக் கழுத்தில் எத்தனை முளை என்பதெல்லாம் இம்முறை நோட்டுப் புத்தகத்தில் இருக்கின்றன. நோட்டு ஐயாவின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கண்ணாடியைச் சனிக்கிழமைதோறும் துடைக்கவும். மாதம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றவும். வெயில் காலத்தில் நீர்மட்டம் தினமும் அரை விரற்கடை இறங்கும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு ஆவியாவதில்லை. ஆகையால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். கேனில் இருக்கும் கடல்நீரை ஊற்றக் கூடாது. சாவி காவலர் அண்ணனிடம் ஒன்று இருக்கிறது. பொங்கல் விடுமுறையில் இரவு பத்து மணிக்கு ஒருமுறை பார்த்துவிடுவதாக அவரே சொல்லியிருக்கிறார்.